பேட்மிண்டனா, தியானமா?

கேள்வி: தினமும் தியானம் செய்கிறேன். மாலையில் பேட்மிண்டனும் உண்டு. ஆடும்போது ஜெயிக்கும் வெறி வருகிறது. இது சாதனைக்குக் கெடுதல், விட்டுவிடு என்கிறார் நண்பர். விடத்தான் வேண்டுமா?

பதில்: மட்டையைப் பரணில் ஏற்ற வேண்டாம். 1897-இல் சென்னையில் பேசிய விவேகானந்தர், கீதை படிப்பதைவிடக் கால்பந்து ஆடினால் சொர்க்கத்தை நெருங்கலாம் என்று இளைஞர்களை உசுப்பினார். உடம்பில் தெம்பிருந்தால் கீதையும் நன்றாகப் புரியும் என்பது அவர் கட்சி. புதுச்சேரி அரவிந்தர் ஆசிரமத்தில் உடற்பயிற்சியும் சாதனையின் பகுதி. ஸ்ரீ அன்னை முதுமையிலும் டென்னிஸ் ஆடினார். ரமணரும் மதுரையில் பள்ளிப் பருவத்தில் கால்பந்து, குஸ்தி என்று திரிந்தவர்தான்.

வெறியா? அதைக் காட்டிக்கொடுத்ததே ஆட்டம்தானே! கண்ணை மூடி உட்கார்ந்தால் எல்லோரும் சாதுதான். பந்து கோட்டுக்கு உள்ளேயா வெளியேயா என்று தகராறு வரும்போதுதான் நம் சரக்கு தெரியும். அந்த நொடியில் தாடை இறுகுவதையும் மூச்சு மேலேறுவதையும் கவனியுங்கள். அதுவும் பயிற்சியே. (நண்பர் உங்களிடம் தோற்றவரோ?)

ஆனால் ஆடி முடித்த கையோடு தியானத்தில் உட்காராதீர்கள். படபடப்பு அடங்கட்டும், கொஞ்சம் நடந்து, குளித்துவிட்டு உட்காருங்கள். தியானத்தைக் காலைக்கு மாற்றிக்கொண்டால் இந்தச் சிக்கலே இல்லை.