காவல்காட்டில் கொசுவலைத் தூளி

இரவில் மக்காச்சோளக் காட்டில் பன்றிக் காவல். கட்டிலில் படுத்தால் கொசு, தரையில் படுத்தால் பாம்பு பயம். கொசுவலையோடு சேர்த்து ஒரு தூளியை நானே தைக்க முடியுமா?
– வாசகர், திருச்சுழி

தாராளமாகத் தைக்கலாம், வீட்டுத் தையல் மெஷினே போதும். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கப் படையினர் காட்டில் படுத்ததும் வலை தைத்த இப்படியொரு தூளியில்தான்.

அருப்புக்கோட்டைச் சேலை பிள்ளைத் தூளிக்குச் சரி, உங்கள் எடைக்கு வேண்டாம். கனத்த காடாத் துணியில் மூன்றரை மீட்டர் நீளம், ஒன்றரை மீட்டர் அகலத்தில் இரண்டு துண்டு வாங்குங்கள். ஒன்றன்மேல் ஒன்று வைத்து நீளவாக்கில் இரு ஓரமும் தையுங்கள். இடையில் ஜமுக்காளத்தைச் செருகுங்கள். ஒற்றைத் துணியென்றால் முதுகுப்பக்கம் கொசு துணி வழியாகவே கடிக்கும். இரு முனையையும் கயிறு நுழையும்படி மடித்து, மூன்று வரிசை தையல் போடுங்கள்.

முனைக்கு முனை மேலே 2.75 மீட்டர் கயிறு ஒன்று கட்டுங்கள். தொய்வு எப்போதும் ஒரே அளவாக நிற்கும். வலையும் அதன்மேல்தான் விழும். சதுர அங்குலத்துக்கு 156 கண் உள்ள வலையை இரு பக்கமும் துணி ஓரத்தோடு நாடா வைத்துத் தைத்து, ஒரு பக்கம் மட்டும் நீள ஜிப் விடுங்கள். வலையின் முனைகளைக் கயிற்றோடு இறுகச் சுருக்கிக் கட்டிவிடுங்கள். அங்கேதான் கொசு வழி தேடும்.

சீமைக்கருவேலத்தில் கட்டாதீர்கள், முள் வலையைக் கிழித்துவிடும். நாலைந்து மீட்டர் இடைவெளியில் வேம்போ பனையோ பாருங்கள். குறுக்காகச் சாய்ந்து படுத்தால் முதுகு வளையாது. முதல் நாள் மணல் மூட்டையை ஏற்றிப் பார்த்துவிட்டு ஏறுங்கள்.