கொல்லிமலையில் பிள்ளையோடு சைக்கிள்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

கொல்லிமலை என்றதும் பலருக்கு ஞாபகம் வருவது 70 கொண்டை ஊசி வளைவுகள். புல்லட்டில் ஏறி ஒவ்வொரு வளைவுப் பலகையோடும் படம் எடுத்துக்கொள்கிறவர்களுக்கு அந்த மலை போதும். எட்டு வயதுப் பிள்ளைக்குக் கியர் சைக்கிள் வாங்கிக் கொடுத்துவிட்டு, எங்கே கூட்டிப்போய் ஓட்டவிடலாம் என்று யோசிக்கிற பெற்றோருக்கு வேண்டியது வேறொரு கொல்லிமலை. அதை அவர்கள் கண்ணிலிருந்து மறைப்பவை சில நம்பிக்கைகள்.

நம்பிக்கை: எழுபது வளைவு உள்ள மலையில் சின்னப் பிள்ளைக்கு என்ன வேலை?

வளைவுகளெல்லாம் காரவள்ளி அடிவாரத்திலிருந்து ஏறும் சாலையில்தான். ஏறி முடித்ததும் கூரான உச்சி எதுவும் வராது. சோளக்காடு, செம்மேடு என்று மேடும் பள்ளமுமாக நிலம் விரிந்து கிடக்கும். உயரம் ஏறக்குறைய 1000 முதல் 1300 மீட்டர். வயல், மரவள்ளி, மிளகுக்கொடி ஏறிய சில்வர் ஓக் மரங்கள், வளப்பூர்நாடு, வாழவந்திநாடு என்று நாடுநாடாகப் பிரிந்த மலையாளிப் பழங்குடி ஊர்கள், ஊரையும் ஊரையும் இணைக்கும் சிறு சாலைகள். பிள்ளை ஓட்ட வேண்டிய இடம் இதுதான். சைக்கிளை வண்டியில் ஏற்றி மேலே கொண்டுபோய்விடுங்கள்.

வளைவு என்றால் செங்குத்து என்று நினைப்பதும் தவறு. சரிவைத் தணிக்கத்தான் சாலையை இப்படி மடித்து மடித்துப் போடுகிறார்கள். அந்தச் சாலை பிள்ளைக்கு ஆகாததற்குக் காரணங்கள் வேறு: ஒதுங்க ஓரம் இல்லை, எதிரே வருவது தெரியாது, இறக்கம் முடிவதே இல்லை.

நம்பிக்கை: ஏற்றம்தான் கஷ்டம்; இறக்கத்தில் சும்மா விட்டால் போதும்.

இருப்பதிலேயே ஆபத்தான நம்பிக்கை இதுதான். ஒரு கணக்குப் போடலாம். பிள்ளை 30 கிலோ, சைக்கிள் 12 கிலோ. இரண்டும் சேர்ந்து 1000 மீட்டர் இறங்கும்போது வெளிப்படும் ஆற்றல், ஒரு லிட்டருக்கு மேல் தண்ணீரைக் கொதிக்கவைக்கப் போதுமானது. அதில் ஒரு பங்கைக் காற்று வாங்கிக்கொள்ளும். பயந்து மெதுவாக இறங்கினால் அந்தப் பங்கும் குறைவு. மிச்சமெல்லாம் பிரேக் கட்டைக்கும் ரிம்முக்கும்தான்.

மலைச்சைக்கிள் விளையாட்டு பிறந்த இடத்திலேயே இதைக் கண்டார்கள். அமெரிக்காவில், கலிபோர்னியாவின் மரின் கவுண்டியில், 1970களில் இளைஞர்கள் பழைய கனத்த சைக்கிள்களில் ஒரு மண்பாதையில் இறங்கிப் பந்தயம் வைத்தார்கள். 1976இல் முதல் பந்தயம். பின்சக்கரத்தின் ஹப்புக்குள் இருந்த பிரேக் சூடேறி, கிரீஸ் புகையாகப் போய்விடும். கீழே போய்ச் சேர்ந்ததும் ஹப்பைப் பிரித்துப் புதிதாகக் கிரீஸ் அடைக்க வேண்டும். வளர்ந்த ஆட்களின் பாடே இப்படி.

பிள்ளைக்கு இன்னொரு சிக்கலும் உண்டு, விரல் நீளம். கடையிலிருந்து வரும் சைக்கிளில் பிரேக் பிடி பெரும்பாலும் தள்ளியே இருக்கும். பல பிடிகளில் அதை உள்ளே இழுக்க ஒரு சின்ன ஸ்க்ரூ இருக்கும். கடையில் அதைத் திருகித் தரச் சொல்லுங்கள். கைப்பிடியை விடாமல் இரண்டு விரலால் பிரேக் பிடிக்க வருகிறதா, கோடு போட்ட இடத்தில் நிறுத்த முடிகிறதா என்று சமதரையில் பார்த்துவிட்டுத்தான் மலைப்பேச்சே. முதல் இறக்கம் ஐம்பது மீட்டர் இருந்தால் போதும். அது சமதரையிலோ சிறு மேட்டிலோ போய் முடிய வேண்டும். பிரேக் கைவிட்டாலும் சைக்கிள் தானே நிற்கும்.

சர்வதேச மலைச்சைக்கிள் சங்கம் பச்சை வட்டம் போடும் எளிய பாதைக்குச் சராசரிச் சரிவு 5 சதவீதத்துக்குள், எந்த இடத்திலும் 15 சதவீதத்தைத் தாண்டாமல், அகலம் சுமார் 90 சென்டிமீட்டராவது என்று அளவு வைத்திருக்கிறது. கொல்லிமலையில் பச்சை வட்டப் பலகையைத் தேடாதீர்கள். அளவை மனத்தில் வைத்துக்கொண்டு நீங்களே பாருங்கள். நூறு மீட்டர் நடந்தால் ஐந்து மீட்டர் ஏற்றம். பேசிக்கொண்டே ஏற முடிகிற சரிவு அது. ஆகவே பாதையை முதலில் பிள்ளையோடு நடந்து பாருங்கள். கைபேசி வரைபடத்தில் எல்லாப் பாதையும் ஒரே மாதிரி கோடுதான்.

நம்பிக்கை: தார்ச்சாலை பத்திரம், மண்பாதை ஆபத்து.

காய்ந்த மண்பாதையில் வேகம் தானே குறையும். விழுந்தால் சிராய்ப்போடு போகும். மழை பெய்த மண் வேறு கதை. சில்வர் ஓக் சருகு மூடிய தடமும் அப்படித்தான். அடியில் கல் இருப்பது தெரியாது. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் இந்த யோசனையே வேண்டாம்.

நம்பிக்கை: பெரிய சைக்கிளாக வாங்கினால் நாலு வருஷம் ஓட்டும்.

பள்ளிச் சீருடைக்கு இது சரி. சைக்கிளில் சீட்டைவிட்டு முன்னால் இறங்கி நின்றால் இரு பாதமும் தரையில் பதிய வேண்டும். உயரம் 115 முதல் 130 சென்டிமீட்டர் வரை உள்ள பிள்ளைக்குப் பொதுவாக 20 அங்குலச் சக்கரம் பொருந்தும். விலை குறைந்த சைக்கிளில் சஸ்பென்ஷன் கனத்தைத்தான் கூட்டும். அந்தக் காசில் நல்ல பிரேக் வாங்கலாம்.

நம்பிக்கை: ஆள் நடக்கிற தடமெல்லாம் சைக்கிளுக்கும் வழி.

ஒரு தடம் காப்புக்காட்டுக்குள் போகும். அங்கே வனத்துறை அனுமதி இல்லாமல் நுழைவது குற்றம். 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் மலையேறப் போனவர்கள் இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதற்குப் பிறகு மலையேற்றத்துக்குத் தனி விதிகளே வந்தன. இன்னொரு தடம் ஒருவர் தோட்டத்து நடுவே போகும். ஆகாய கங்கை அருவிக்கு இறங்குவது ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள். அங்கே சைக்கிளை எடுத்துப்போக நினைப்பதே வீண். எந்தத் தடம் யாருடையது என்று ஊர்க்காரரிடம் கேட்டால் சொல்வார்கள். சாலையில் காயப்போட்ட தானியத்தின்மேல் ஏற்றிவிட்டுக் கேட்டால் சொல்ல மாட்டார்கள்.

செம்மேட்டிலிருந்தும் வாசலூர்பட்டி படகு இல்லப் பக்கமிருந்தும் கிளை பிரியும் ஊர்ச்சாலைகளில் வார நாள் காலையில் தொடங்குங்கள். ஆடிப்பதினெட்டையொட்டி வல்வில் ஓரி விழாவுக்கு மலையே வண்டிகளால் நிறையும். அந்த நாட்களைத் தவிருங்கள். போகும்போது ஏற்றம், திரும்பும்போது இறக்கம் இருக்கும்படி பாதையைத் தேர்ந்தெடுங்கள். முதலில் குஷியாக இறங்கிவிட்டால், களைத்த பிள்ளையையும் இரண்டு சைக்கிளையும் மேலே தள்ளிக்கொண்டு வரப்போவது நீங்கள்தான்.