கால் பங்கு உண்மை

2004 டிசம்பர் சுனாமிக்குப் பிறகு நிக்கோபாரின் கச்சால் தீவிலிருந்து கப்பலேறி போர்ட் பிளேர் வந்த குடும்பங்களில், இலங்கையிலிருந்து தாயகம் திரும்பி அங்கே ரப்பர் தோட்டத்தில் வேலை பார்த்த தமிழர்களும் உண்டு. அவர்களுக்கு அரிசி, பாய், தார்ப்பாய் கொடுக்கும் பொறுப்பை எங்கள் சபை என்னிடம் விட்டிருந்தது. மூன்று மாதம் கழித்துக் கமிட்டிக் கூட்டத்தில் பெரியவர் ஒருவர் எழுந்து, "தம்பி, கர்த்தருடைய பணத்துல கை வச்சிட்டு நற்கருணை எடுக்காதீங்க" என்றார். இருபது பேர் முன்னால்.

அன்றிரவு தூக்கம் இல்லை. பேராயர் ஜான் ரிச்சர்ட்சனை நினைத்துக்கொண்டு படுத்திருந்தேன். கார் நிக்கோபார்க்காரர், நம் தமிழ் உபதேசியார் வேதப்பன் சாலமோனிடம் படித்தவர். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் ஜப்பானியர் உளவுக் குற்றம் சாட்டிச் சிறையில் போட்டார்கள். உயிரோடு மீண்டு 1950இல் பேராயரானார். புதிய ஏற்பாட்டைத் தம் மக்கள் மொழிக்குக் கொண்டுவந்தவரும் அவரே. நானும் அந்த வரிசைதான் என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன்.

விடிந்ததும் எனக்கே சிரிப்பு வந்தது. அவர்மேல் விழுந்த பழி முழுப் பொய். என்மேல் விழுந்ததில் கால் பங்கு உண்மை. பணத்தைத் தொடவில்லை, ஆனால் பதினோரு தார்ப்பாய்க்குக் கையெழுத்து வாங்கவில்லை. மழை, கூட்டம், அவசரம் எல்லாம் இருந்ததுதான்.

மத்தேயு 18ஆம் அதிகாரம் தனியாகப் போய்ப் பேசச் சொல்கிறது. நாம் ஜெபக்கூட்டத்தில், "ஒரு சகோதரனுடைய கண்ணைத் திறந்தருளும் ஆண்டவரே" என்று உருகுவோம்; யாரென்று எல்லாருக்கும் தெரியும். எனக்கும் அந்த ஜெபம் நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிவிட்டு, நோட்டுப் புத்தகத்தோடு அந்தப் பெரியவர் வீட்டுக்குப் போனேன்.

"அண்ணாச்சி, பதினோரு தார்ப்பாய்க்குக் கணக்கு இல்லை. தப்பு என்னுதுதான்."

அடுத்து ஓர் 'ஆனால்' சொல்ல வாய் துடித்தது. அதை அடக்கியதுதான் அன்று நான் செய்த பெரிய வேலை. 'ஆனால்' வந்தால் ஒப்புக்கொண்டது வழக்காக மாறிவிடும். அவர் பக்கம் பக்கமாகப் புரட்டினார். அவர் வீட்டு அக்கா டீ கொண்டுவந்தார். மன்னிப்பு என்ற சொல் அவர் வாயிலிருந்து வரவில்லை. "உங்களை மன்னிச்சிட்டேன்" என்று நானும் சொல்லவில்லை. கேட்காதவரிடம் அப்படிச் சொன்னால் அது இன்னொரு தீர்ப்பு. மனசுக்குள் சொல்லிக்கொண்டால் போதும். அதையும் பல வாரம் சொல்ல வேண்டியிருந்தது. ஒரு ஞாயிறு சரியாக இருக்கும், மறு ஞாயிறு அவர் குரலைக் கேட்டாலே வயிறு எரியும்.

ஊர்நாட்டில் என்றால் கோபித்துக்கொண்டு அடுத்த தெரு சபைக்குப் போய்விடலாம். இங்கே அபர்தீன் பஜாரிலும் அவர்தான், ஹேடோ துறைமுகத்தில் கப்பலேறும் வரிசையிலும் அவர்தான்.

அந்த வருஷம் கிறிஸ்மஸ் கேரல் ரவுண்ட்ஸ் கணக்குக்கு என்னையும் சேர்த்துக்கொள்ளச் சொன்னவரும் அவர்தான். ஒவ்வொரு ரசீதிலும் என்னை இரண்டு கையெழுத்துப் போட வைத்தார்.