பால் கொடுக்கும் தாயும் மனநல மாத்திரையும்



படப்பை, ஒரகடம் பகுதிகளில் தொழிற்சாலை வேலையை நம்பிக் குடியேறிய இளம் குடும்பங்கள் அநேகம். தாய்வீடு தூரத்தில் இருக்க, வாடகை வீட்டில் கைக்குழந்தையோடு தனித்திருக்கும் தாய்மாரை நாம் அறிவோம். பிரசவத்துக்குப் பின் வரும் மனச்சோர்வு அபூர்வமானதல்ல. வேலூரை அடுத்த கணியம்பாடி வட்டாரத்தில் நடத்தப்பட்டு 2002-ல் வெளியான ஆய்வு, நூற்றுக்குச் சுமார் 11 தாய்மாருக்கு அது வந்ததாகக் காட்டியது.

மருந்து தொடங்கியவுடன், "மாத்திரை பாலில் இறங்கிப் பிள்ளையைக் கெடுத்துவிடும்" என்று வீட்டார் பயப்படுகிறார்கள். மாத்திரையை நிறுத்துகிறார்கள், அல்லது பாலை நிறுத்துகிறார்கள். பெரும்பாலும் இரண்டும் தேவையில்லை.

தாயின் இரத்தத்தில் கலந்த மருந்தில் ஒரு சிறு பங்கே பாலுக்கு வருகிறது. உடல் எடைக்கேற்ப ஒப்பிடும்போது, குழந்தைக்குச் சேருவது தாயின் அளவில் 10 சதவீதத்துக்குக் குறைவானால் மருத்துவர்கள் பொதுவாக அதை ஏற்றுக்கொள்ளுகிறார்கள். மனச்சோர்வுக்குத் தரப்படும் செர்ட்ராலின் மிகக் குறைவாகவே பாலில் இறங்குகிறது. லித்தியம் அப்படியல்ல, அது அதிகமாய் இறங்குவதால், குழந்தையின் இரத்தத்தையும் சோதித்து நிபுணரே முடிவுசெய்ய வேண்டும். குளோசபின் சாப்பிடுகிறவர்கள் தாய்ப்பால் கொடுக்க வேண்டாம் என்பதே பொதுவான ஆலோசனை.

நினைவில் வைக்க வேண்டியவை:

1. மருந்தைத் தானாகத் திடீரென நிறுத்தலாகாது. நோய் திரும்பினால் தாய்க்கும் சேய்க்கும் உயிராபத்து நேரிடலாம்.

2. குறைமாதக் குழந்தையானால் முன்னதாகவே மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

3. குழந்தை அளவுக்கு மிஞ்சித் தூங்கினாலோ, பால் குடிக்க மறுத்தாலோ, எடை ஏறாவிட்டாலோ உடனே காட்ட வேண்டும்.

4. மருந்தினால் தாய்க்கு மயக்கமான தூக்கம் வருமானால், குழந்தையை அதே படுக்கையில் போடக்கூடாது.

பெங்களூரு நிம்ஹான்ஸ் மருத்துவமனை 2009-ல் தாயையும் சேயையும் பிரிக்காமல் சேர்த்தே வைத்துச் சிகிச்சை தரும் பிரிவைத் தொடங்கியது. அரசின் டெலி-மானஸ் தொலைபேசி எண் 14416-ல் இரவும் பகலும் இலவசமாக ஆலோசனை கேட்கலாம்.

சபையாருக்கு ஒரு வார்த்தை. "விசுவாசம் இருந்தால் மாத்திரை எதற்கு?" என்று ஒரு தாயிடமும் கேளாதிருங்கள். சூரைச்செடியின் கீழ் சாக விரும்பிய எலியாவை தேவதூதன் கடிந்துகொள்ளவில்லை; அவன் உறங்கினான், அப்பமும் தண்ணீரும் அவனுக்குக் கிடைத்தது. ஜெபிக்கப் போகிறவர்கள் கையில் ஒரு வேளைச் சாப்பாடும் கொண்டுபோங்கள். அவள் சற்றே உறங்கும்படி குழந்தையைப் பார்த்துக்கொள்ளுங்கள். மாத்திரையைப்பற்றிய சந்தேகத்தோடு அவளை மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.