அரக்குத் தட்டில் ஹவாய் இசை

கோட்டுவாத்தியம் கேட்டுப் பழகிய காதுக்கு ஹவாய் கிதார் அந்நியமாகத் தோன்றாது. கிதாரை மடியில் கிடத்தி, எஃகுத் துண்டு ஒன்றைத் தந்தியின்மேல் வழுக்கி வாசிக்கும் முறை அது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஹவாய்த் தீவைச் சேர்ந்த ஜோசப் கெகூக்கூ இதனைப் பரப்பினார். கமகத்துக்கு இடந்தரும் கருவியாதலின், பிற்காலத்தில் பிரிஜ்பூஷண் காப்ரா அதில் இந்துஸ்தானி இராகங்களையே வாசித்துக் காட்டினார்.

இக்கருவியின் ஓசை நம் நாட்டுக்கு வந்ததில் கிராமபோன் தட்டுகளுக்கும் ஊர்சுற்றிய குழுக்களுக்கும் பெரும் பங்குண்டு. அத்தகைய குழு ஒன்றுடன் ஹவாயிலிருந்து புறப்பட்டவர்களே டாவ் மோவும் அவர் மனைவி ரோஸும். 1929இல் டோக்கியோவில் அக்குழுவின் பாடல்கள் தட்டுகளில் பதிவாயின. குழுவுக்கு இருந்ததோ தலைவி மேடம் ரிவியேரின் பெயர். 1940களில் டாவ் மோ குடும்பம் கல்கத்தாவில் தங்கி வாசித்தது. அங்குள்ளோர் சிலருக்குக் கற்பித்தும் வந்தது.

அமெரிக்கக் கிதார்க் கலைஞர் பாப் பிராஸ்மன் பழைய ஹவாய்த் தட்டுகளைத் தேடித் தொகுத்தவர். மேடம் ரிவியேர் குழுவின் தட்டுகளை அவர் பொக்கிஷமாகவே கருதினார். 1980களில் அவருடைய இசைத்தட்டுகளைக் கேட்டு ஹவாயிலிருந்து ஒரு முதியவர் கடிதம் எழுதினார். அவர்தாம் டாவ் மோ! அரை நூற்றாண்டுக்கு மேல் உலகைச் சுற்றிவிட்டு ஊர் திரும்பியிருந்தார். பழைய பாடல்களை அக்குடும்பமும் பிராஸ்மனும் சேர்ந்து மீண்டும் பதிவு செய்தனர். 1989இல் அது வெளிவந்தது. தட்டுகளை யாரோ ஒருவர் குப்பையில் எறியாமல் வைத்திருந்ததால் வாய்த்த சந்திப்பு இது.

எல்லாத் தட்டுகளுக்கும் அந்தப் பேறு கிட்டவில்லை. அவை அரக்கால் ஆனவை. கீழே விழுந்தால் உடைபவை. இரண்டாம் உலகப் போரில் அரக்குக்குத் தட்டுப்பாடு வந்தபோது, அமெரிக்காவில் பழைய தட்டுகளைத் திரட்டி உருக்கினார்கள். எத்தனை குரல்கள் அதில் கரைந்தனவோ!

நம் சேர்வராயன் மலையில் காப்பித் தோட்டங்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே தோன்றின. ஏற்காட்டின் பழைய பங்களாக்களிலோ, அடிவாரச் சேலத்து வீடுகளின் பரணிலோ தட்டுக்கட்டு ஒன்று நம் கண்ணில் படலாம். அதில் ஹவாய்ப் பாட்டும் இருக்கலாம். சேலம் கோதாவரியின் பாட்டும் இருக்கலாம். கோதாவரி இருபதாம் நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளிலேயே தட்டில் பாடியவர். நம் ஊர்ப் பெயரைத் தாங்கிய அக்குரலைக் கேட்க வேறு வழி ஏது?

அப்படி ஒரு கட்டுக் கிடைத்தால் எடைக்குப் போடுமுன் தட்டின் நடுவிலுள்ள சீட்டைப் படித்து, கம்பெனி, பாடியவர், வரிசை எண் ஆகியவற்றைக் குறித்துக்கொள்ள வேண்டும். சீட்டை ஒட்டி அரக்கிலேயே பொறித்த எண் ஒன்றும் உண்டு. ஆராய்ச்சிக்கு மிகவும் உதவுவது அதுதான்; சீட்டு மாறினாலும் அந்த எண் பதிவோடு சேர்ந்தது. மலைக் குளிரில் பூசணம் படிந்திருந்தால் ஸ்பிரிட்டால் துடைத்துவிடக் கூடாது. அரக்கு அதில் கரைந்துவிடும். மென்மையான தூரிகையால் தூசியை நீக்கி, தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்காமல் நிமிர்த்தி வைப்பது நல்லது. துருப்பிடித்த ஊசியைப் போட்டு உடனே பாடவைத்துப் பார்க்கும் ஆசைதான் நம்மில் பலருக்கு முதலில் வரும். ஒரு பக்கத்துக்கு ஒரு புது ஊசி என்பது அக்காலத்து வழக்கம்.