அது என்ன 'பேசின்' பிரிட்ஜ்?

சென்ட்ரல் போற ட்ரெயின் பாதி நாள் பேசின் பிரிட்ஜ்ல சிக்னலுக்காக நிக்கும். அந்தப் பேரை யோசிச்சிருக்கீங்களா? கை கழுவுற பேசின் இல்லைங்க. படகுகள் வந்து நின்று சரக்கு இறக்கித் திரும்ப, கால்வாயை அகலமாக வெட்டி வைக்கும் இடத்துக்குப் பேர்தான் பேசின். கொருக்குப்பேட்டை கொக்ரேன் பேசின் ரோடும் அதே கதைதான். பேசில் கொக்ரேன் என்ற வணிகர் எண்ணூர் வரை அமைத்த உப்புநீர்க் கால்வாய் 1806-இல் திறக்கப்பட்டது.

1877-78 பஞ்சத்தில், பசியோடு வந்த மக்களைக் கூலிக்கு வைத்து, கூவத்தையும் அடையாற்றையும் சுமார் 8 கி.மீ. வெட்டி இணைத்தார்கள். கால்வாய்க்குக் கவர்னர் பக்கிங்ஹாம் பேர் வந்தது. வெட்டினவங்க பேர் எந்த ரோட்டுக்கும் இல்ல.

நம்ம கடப்பாக்கம் பக்கமா மரக்காணம் வரை போறதும் இதே கால்வாய்தான். சென்னையில் 1990-களில் பறக்கும் ரயில் தூண்களை இதுக்குள்ளேயே இறக்கினாங்க. சிவில் பசங்க கவனிங்க: ஆழமும் சரிவும் மாறாம அகலம் பாதியானா, ஓடுற தண்ணியும் கிட்டத்தட்ட பாதிதான். கடல் மட்டத்தை ஒட்டி வெட்டிய கால்வாய்க்குச் சரிவும் இல்ல, வேகத்தைக் கூட்டி ஈடுகட்ட வழியும் இல்ல. மழைத்தண்ணி பக்கத்துத் தெருவுக்குத்தான் ஏறும்.