டியோன் வார்விக்கின் முதல் இசைத்தட்டு

அமெரிக்கக் கறுப்பினப் பாடகி டியோன் வார்விக்கின் முதல் தொகுப்பை நேற்றிரவு மீண்டும் கேட்டேன். ‘பிரசென்டிங் டியோன் வார்விக்’ என்னும் அது 1963இல் வெளிவந்தது.

அவரது குடும்பப் பெயர் உண்மையில் வாரிக். 1962இல் முதல் இசைத்தட்டில் நேர்ந்த அச்சுப்பிழை அதை வார்விக் ஆக்கிற்று, அப்பிழையே நிலைத்தது. (விடுதிப் பட்டியலில் தம் பெயரைத் தேடிய தமிழ் மாணவருக்கு இது புதிதன்று!)

‘மேக் இட் ஈசி ஆன் யுவர்செல்ஃப்’ பாட்டை முதலில் மாதிரிக்காகப் பாடித் தந்தவர் அவரே. ஆனால் அது ஜெரி பட்லரிடம் சென்று, அவர் குரலில் புகழ் பெற்றது. மனம் புண்பட்ட டியோன் வெகுண்டு சொன்ன சொல்லிலிருந்தே ‘டோண்ட் மேக் மீ ஓவர்’ பிறந்தது என்பர். ‘என்னை வேறொருத்தியாக மாற்றாதே’ என்பது அதன் கருத்து. இசையமைத்தவர் பர்ட் பக்கராக். எழுதியவர் ஹால் டேவிட்.

இரு பாட்டுகளும் இத்தொகுப்பில் உள்ளன. மற்றவற்றுள் சில சுமாரானவையே. இரண்டாவது பாட்டில் அவர் மெல்லத் தொடங்குகிறார். கெஞ்சுகிறார் என்றே எண்ணுகிறோம். பின்னர் குரல் ஓங்குகிறது. தேவாலயப் பாடகர் குடும்பத்தில் வளர்ந்த குரலல்லவா? கெஞ்சல் அங்கே கட்டளையாகிறது. முதலில் பறிபோன பாட்டைக் கேளுங்கள். உடனே இதைக் கேளுங்கள்.